மடியில் கனம் - வழியில் பயம்!

"மடியிலே கனமிருந்தால்தானே வழியிலே பயம்" என்பது நம் பாட்டிமார் சொல்லி வைத்துப் போன மொழி. முடிச்சிலே பணம் வைத்திருப்பவன் இலை அசைந்தாலும் திடுக்கிடுவான். ஏதுமில்லாதவன் பாட்டுப் பாடிக்கொண்டே காட்டைக் கடப்பான். அதுதான் அதன் பொருள்.

2017ஆம் ஆண்டு மார்ச் திங்களிலே அந்தப் பழமொழிக்குப் புதுப்பொருள் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு வல்லரசு. மடியிலே கனம் வைத்திருந்தவன் பயணி. பயம் கொண்டதோ வல்லரசு! கனம் என்றால் பொன்னல்ல, மணியல்ல. மடிக்கணினி! 'லேப்டாப்' என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அதை மடியிலே வைத்துக்கொண்டு வானத்திலே பறக்கக்கூடாது என்று பிறந்தது ஓர் ஆணை. எல்லோருக்குமா? இல்லை. எந்த ஊரிலிருந்து புறப்படுகிறாய் என்பதைப் பார்த்து!

துபாய் விமான நிலையம். நியூயார்க் போகும் விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. வரிசையிலே ஒரு வாலிபன். சென்னையிலே ஏறி, துபாயிலே இறங்கி, அடுத்த விமானத்துக்கு மாறுகிறவன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் தோளிலே ஒரு பை. பைக்குள்ளே ஒரு கணினி. கணினிக்குள்ளே அவன் பிழைப்பு.

"பையிலே என்ன தம்பி?"

"கணினி, ஐயா."

"அதை மேலே கொண்டு போகக்கூடாது."

"ஏன் ஐயா?"

"ஆபத்து!"

"அப்படியானால் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்கிறேன்."

"வேண்டாம், வேண்டாம். அதே விமானத்திலேதான் அதுவும் வரும். நீ மேலே, அது கீழே. சரக்கு அறையிலே போட்டுவிடுவோம்."

"என் மடியிலே இருந்தால் வெடிக்குமோ என்று அஞ்சுகிற பொருள், என் காலுக்குக் கீழே இருந்தால் வெடிக்காதா ஐயா?"

"கேள்வி கேட்காதே தம்பி. உத்தரவு!"

உரையாடல் நமது கற்பனை. உத்தரவு கற்பனையல்ல, தோழர்களே! வாலிபன் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் அன்று உலகமே கேட்டது. அதற்கு நேரான பதில் வரவில்லை. நான்கே திங்களிலே உத்தரவுதான் கரைந்து போயிற்று. கரைந்து போன கதையை இன்று ஏன் கிளறுகிறோம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரால் ஒரு சட்டம் வரும்போது, அதை எந்தத் தராசிலே நிறுத்துப் பார்ப்பது என்பதை அந்தக் கதை நமக்குக் கற்றுத் தருகிறது.

ஆணை பிறந்த கதை

2017 மார்ச் 21. அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிவிக்கிறது: எட்டு நாடுகளிலுள்ள பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் பறக்கும் விமானங்களிலே, கைபேசியை விடப் பெரிதான எந்த மின்னணுக் கருவியையும் பயணிகள் தங்களுடன் வைத்துக்கொள்ளக் கூடாது. மடிக்கணினி கூடாது. பலகைக் கணினி கூடாது. புகைப்படக் கருவி கூடாது. குழந்தை படம் பார்க்கும் கருவியும் கூடாது. நோயாளிக்குத் தேவையான மருத்துவக் கருவிக்கு மட்டும் விலக்கு. மற்றவை யாவும் சரக்கு அறைக்கு!

எந்தப் பத்து நிலையங்கள்? ஜோர்டானிலே அம்மான், எகிப்திலே கெய்ரோ, துருக்கியிலே இஸ்தான்புல், சவுதி அரேபியாவிலே ஜித்தாவும் ரியாத்தும், குவைத், மொராக்கோவிலே காசாபிளாங்கா, கத்தாரிலே தோகா, ஐக்கிய அரபு அமீரகத்திலே துபாயும் அபுதாபியும். ஒன்பது விமான நிறுவனங்கள் இந்த வலையிலே சிக்கின. நாளொன்றுக்கு ஐம்பது விமானங்கள் வரையில் இதற்கு ஆட்பட்டன. ஆணையை நிறைவேற்ற நிறுவனங்களுக்குத் தரப்பட்ட அவகாசம் 96 மணி நேரம். நான்கே நாட்கள்!

அதே நாளிலே பிரிட்டனும் ஒரு பட்டியலை வெளியிட்டது. துருக்கி, லெபனான், ஜோர்டான், எகிப்து, துனிசியா, சவுதி அரேபியா என ஆறு நாடுகள். கருவியின் அளவுக்குக்கூட கணக்குப் போட்டார்கள்: நீளம் 16 செண்டிமீட்டர், அகலம் 9.3, கனம் 1.5. அதற்கு மேற்பட்டது மேலே வரக்கூடாது!

ஆபத்து பொய்யல்ல

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். ஆபத்தே கிடையாது, எல்லாம் வெறும் பூச்சாண்டி என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

2016 பிப்ரவரி 2ந் தேதி. சோமாலியாவின் மொகதிசு நகரிலிருந்து ஜிபூட்டிக்குப் புறப்பட்ட டால்லோ நிறுவனத்தின் விமானத்திலே, மேலே ஏறிய சில நிமிடங்களிலே குண்டு வெடித்தது. குண்டு இருந்த இடம் ஒரு மடிக்கணினி. விமானத்தின் பக்கவாட்டிலே பெரிய ஓட்டை விழுந்தது. குண்டு கொண்டு வந்தவனே அந்த ஓட்டை வழியாக வெளியே வீசப்பட்டு மாண்டான். விமானம் இன்னும் உச்ச உயரத்தை எட்டியிருக்கவில்லை. அதனாலே விமானி அதைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார், மற்றவர்கள் பிழைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2015 அக்டோபர் 31ந் தேதி, எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் நகரிலிருந்து ருஷ்யாவுக்குப் பறந்த விமானம் சைனாய் பாலைவனத்தின் மேலே சிதறி 224 பேர் மாண்டனர். அதுவும் குண்டால் நேர்ந்த கொடுமைதான்.

ஆகவே, மடிக்கணினிக்குள்ளே வெடிமருந்தை மறைக்கும் கொடியவர்கள் இருக்கிறார்கள் என்பது மெய். அவர்களைத் தடுக்க வேண்டும் என்பது மெய்யிலும் மெய். தடுப்பதற்குச் சட்டம் தேவை, சோதனை தேவை, கொஞ்சம் தொல்லையையும் பயணி தாங்கத்தான் வேண்டும். இதிலே நமக்கு மாறுபாடு இல்லை.

நாம் கேட்பது வேறு. பாம்பு இருக்குமோ என்று ஐயப்படுகிற கூடையை ஒருவன் திண்ணையிலிருந்து எடுக்கிறான். சரி, எடுக்கட்டும். எடுத்து எங்கே வைக்கிறான்? வீட்டுக்குள்ளே, நெற்குதிருக்குப் பக்கத்திலே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "இனிப் பயமில்லை" என்கிறான். அவனை அறிவாளி என்போமா?

சரக்கு அறை சாட்சி சொல்கிறது

சரக்கு அறை பாதுகாப்பான இடம்தானா? வரலாற்றைக் கேட்போம்.

1985 ஜூன் 23. ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியா வரவேண்டியது. அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வானிலேயே சிதறிற்று. 329 பேர் மாண்டனர். குண்டு இருந்தது எவர் மடியிலும் அல்ல. சரக்கு அறைப் பெட்டியிலே! பெட்டியை ஏற்றி அனுப்பியவன் விமானத்திலே ஏறவேயில்லை.

அதே நாளிலே ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்திலே இன்னொரு பெட்டி வெடித்தது. அதுவும் ஏர் இந்தியா விமானத்திலே ஏற்றப்பட இருந்த பெட்டிதான். பெட்டிக்குள்ளே இருந்தது வானொலிக் கருவி வடிவிலே ஒரு குண்டு. மாண்டவர் யார்? மன்னர்களா, மந்திரிகளா? மூட்டை தூக்கும் தொழிலாளர் இருவர்! பெட்டி யாருடையது, அதிலே என்ன இருக்கிறது, எந்த நாட்டு அரசியல் அதற்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது என்று எதுவுமே அறியாமல், அன்றாடக் கூலிக்குத் தோள் கொடுத்த இருவர்.

1988 டிசம்பர் 21. லண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிப் பறந்த 'பான் ஆம்' விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரின் மேலே வெடித்தது. விமானத்திலிருந்த 259 பேரும், தரையிலே தம் வீட்டிலே இருந்த 11 பேருமாக 270 உயிர்கள் போயின. குண்டு எதிலே இருந்தது? தோஷிபா நிறுவனத்தார் செய்த ஒலிநாடா வானொலிப் பெட்டியிலே. அந்தப் பெட்டி எங்கே இருந்தது? சரக்கு அறையிலே!

பார்த்தீர்களா? மின்னணுக் கருவியைச் சரக்கு அறையிலே போட்டால் பத்திரம் என்கிறார்கள். மின்னணுக் கருவிக்குள்ளே குண்டு வைத்துச் சரக்கு அறை வழியாகத்தான் அத்தனை பெரிய படுகொலை நடந்திருக்கிறது.

எதிர்த்தரப்பார் சொன்னதையும் கேட்டுவிடுவோம். ஒருதலையாகப் பேசுவது நம் வழக்கமல்ல. "சரக்கு அறைக்குப் போகும் பெட்டியை வலுவான இயந்திரம் சோதிக்கிறது. மேலும், மடியிலே இருந்தால் குண்டை விமானச் சுவரோடு ஒட்டி வைத்துக் கையாலேயே வெடிக்கச் செய்யலாம். கீழே இருந்தால் அது முடியாது" என்றார்கள். இதிலே கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கனிஷ்காவிலே கை தேவைப்படவில்லை. கடிகாரம் போதுமானதாக இருந்தது. வலுவான இயந்திரம் கீழே இருக்கிறது என்றால், அதே போன்ற இயந்திரத்தை மேலே பயணி நடக்கும் வழியிலும் வைப்பதல்லவா முறை? இயந்திரத்துக்குச் செலவாகும், உத்தரவுக்குச் செலவு இல்லை. அதுதானே இரகசியம்!

நெருப்பை மூட்டைக்குள் கட்டிய விந்தை

குண்டை விட்டுவிடுவோம். கொடியவன் ஒருவனும் இல்லாத விமானத்தையே எடுத்துக்கொள்வோம்.

மடிக்கணினிக்கு உயிர் தருவது லித்தியம் மின்கலம், அதாவது பேட்டரி. உள்ளங்கை அகலத்திலே பெரும் ஆற்றலை அடைத்து வைத்த பொருள் அது. நசுங்கினாலோ, உள்ளே பழுதானாலோ சூடாகும். சூடு சூட்டை வளர்க்கும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவும். புகையும், பிறகு பற்றும். பயணியின் மடியிலே பற்றினால் பணிப்பெண் ஓடி வருவார். தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார். கீழே மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே பற்றினால்? கண்டவர் யார்? அணைப்பவர் யார்?

2010 செப்டம்பர் 3ந் தேதி, அதே துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானத்திலே தீப்பிடித்தது. ஏற்றியிருந்த சரக்கிலே ஆயிரக்கணக்கான லித்தியம் மின்கலங்கள். புகை விமானியின் அறையை மூடிற்று. திரும்பி வந்து இறங்க முயன்றார்கள், முடியவில்லை. இரு விமானிகளும் மாண்டனர். பின்னர், பயணிகள் விமானத்திலே லித்தியம்-அயன் மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றக்கூடாது என்று அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது. 2016 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சிலே வந்தது இந்த ஆணை: மின்கலம் பொருத்திய கணினிகளையெல்லாம் கீழே போடு!

வேடிக்கை இத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துத் துறையே 2017லே சோதனை செய்து பார்த்தது. பெட்டிக்குள்ளே கணினி, பக்கத்திலே தலைக்குத் தெளிக்கும் பூச்சு அடைத்த குப்பி ஒன்று. கடைக்குக் கடை விற்கும் குப்பிதான். கணினியின் மின்கலத்தைச் சூடேற்றினார்கள். ஒரு நிமிடத்துக்குள் குப்பி வெடித்தது. சரக்கு அறையின் தீயணைப்பு வாயுவையும் மீறி, விமானத்தையே இழக்க நேரலாம் என்று எழுதி, பெரிய மின்னணுக் கருவிகளைச் சரக்கு அறைப் பெட்டிகளிலே வைக்கக்கூடாது என்று அனைத்துலக அமைப்புக்குப் பரிந்துரைத்தது.

ஒரே அரசு! ஒரு துறை "கீழே போடு" என்கிறது. இன்னொரு துறை "கீழே போடாதே" என்கிறது. அண்ணன் கதவைத் திறக்கிறான், தம்பி தாழ்ப்பாள் போடுகிறான். நடுவிலே மாட்டிக்கொண்டு விழிப்பவன் பயணி!

பட்டியல் பேசுகிறது

சரி, ஆபத்தைக் கண்டு அஞ்சி அவசரத்திலே செய்துவிட்டார்கள் என்றே கொள்வோம். அவசரத்திலே செய்ததிலும் ஒரு நியாயம் வேண்டுமல்லவா? பட்டியலைப் பாருங்கள்.

அமெரிக்கா, துபாயையும் அபுதாபியையும் தோகாவையும் ஐயுற்றது. பிரிட்டன் இந்த மூன்றையும் பட்டியலிலே சேர்க்கவேயில்லை. பிரிட்டன், லெபனானையும் துனிசியாவையும் சேர்த்தது. அமெரிக்கா சேர்க்கவில்லை. உளவுச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் நெருங்கிய நண்பர்கள் இருவர், ஒரே நாள், ஒரே ஆபத்து, பட்டியல் மட்டும் இரண்டு!

விளைவு என்ன? துபாயிலிருந்து நேராக நியூயார்க் போனால் கணினி சரக்கு அறைக்கு. அதே துபாயிலிருந்து லண்டன் போய், அங்கே விமானம் மாறி நியூயார்க் போனால் கணினி மடியிலேயே இருக்கலாம். அதே மனிதன், அதே கணினி, அதே நியூயார்க்! ஆபத்து லண்டனிலே குளித்துத் தூய்மையாகிவிடுகிறதா?

அபுதாபியின் கதை இன்னும் சுவையானது. அங்கே 2014லிருந்து அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து, அமெரிக்கா போகும் பயணிகளை முன்கூட்டியே பரிசீலிக்கிறார்கள். தன் ஆட்களே நின்று பார்த்த பயணியைத் தானே நம்பவில்லை அந்த அரசு!

இன்னொன்று. அந்தப் பத்து நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் பறந்த அமெரிக்க நிறுவனம் அன்று ஒன்றுகூட இல்லை. ஆகவே ஆணையின் அடி விழுந்த முதுகுகள் அத்தனையும் அயலார் முதுகுகள். வளைகுடா நிறுவனங்கள் தங்கள் அரசுகளிடமிருந்து கோடி கோடியாக மானியம் பெற்று முறையற்ற போட்டி நடத்துகின்றன என்று அமெரிக்கப் பெரு நிறுவனங்கள் மூன்றும் 2015லிருந்தே முழங்கி வந்தன. அந்த முழக்கத்துக்கும் இந்த ஆணைக்கும் முடிச்சு உண்டு என்று அன்று பலர் ஐயுற்றனர். உண்டு என்று மெய்ப்பித்தார் எவருமில்லை. எனவே நாமும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஐயம் எழ இடம் கொடுத்தது யார்? காரணத்தைத் திறந்து சொல்லாமல் மூடி வைத்தவர்கள்தானே! அதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான், ஜனவரி 27ந் தேதி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டு மக்கள் உள்ளே வரத் தடை போட்டிருந்தார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப். நீதிமன்றங்கள் அதை நிறுத்தி வைத்திருந்தன. அந்தச் சூட்டிலே வந்த இந்தப் பட்டியலிலும் இருந்தவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் எட்டு நாடுகள். மக்கள் ஐயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆபத்து தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டா வருகிறது? அதே 2017 ஜூலையிலே, ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து அபுதாபிக்குப் பறக்கும் எதிகாத் விமானத்திலே குண்டு வைக்கத் தீட்டிய சதி அம்பலமாயிற்று. சிட்னி எந்தப் பட்டியலிலே இருந்தது? எதிலும் இல்லை!

பாடுபட்டவர் யார்?

சட்டம் எவர் தலையிலே விடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் வகுப்பிலும் வணிக வகுப்பிலும் வந்த சீமான்களுக்கு நிறுவனங்கள் வழி செய்து கொடுத்தன. கத்தார், எதிகாத், எமிரேட்ஸ் முதலிய நிறுவனங்கள் தம் சொந்தக் கருவிகளை அவர்களுக்கு இரவல் கொடுத்தன. "தங்கள் கணினி கீழே போகட்டும், இதோ எங்கள் கணினி" என்று தட்டிலே வைத்து நீட்டாத குறைதான்! பின்வரிசையிலே, கால் நீட்ட இடமின்றி அமர்ந்திருந்தவனுக்கு? பதினான்கு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்! ஆராய்ச்சி ஏட்டை எழுதி முடிக்க வேண்டிய மாணவன், கைப்பிள்ளையோடு வந்த தாய், கடன் வாங்கிக் கருவி வாங்கிய புகைப்படக்காரன், எல்லோரும் தம் உடைமையை மூட்டைக்குள்ளே வைத்து அனுப்பிவிட்டு, உடைந்து வருமோ, தொலைந்து போகுமோ என்று ஊர் போய்ச் சேருமட்டும் அடிவயிற்றிலே நெருப்பைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

எமிரேட்ஸ் நிறுவனம் 2017 ஏப்ரலிலே, தான் பறந்த பன்னிரண்டு அமெரிக்க நகரங்களிலே ஐந்துக்குப் போகும் விமானங்களைக் குறைத்தது. விசாக் கெடுபிடியும் இந்தத் தடையும் சேர்ந்து பயணிகளைக் குறைத்துவிட்டன என்றது.

கை ஓங்கியபோது காது திறந்தது

மே திங்களிலே புதுப்பேச்சு எழுந்தது. இந்தத் தடையை ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்களுக்கும் விரிக்கப் போகிறார்கள் என்று!

அப்பொழுதுதான் பார்க்க வேண்டும் காட்சியை! பிரஸ்ஸல்ஸ் நகரிலே கூடினார்கள், பேசினார்கள், மறுத்தார்கள். அனைத்துலக விமான நிறுவனங்களின் சங்கம் கணக்கெடுத்துக் கடிதம் எழுதிற்று. ஆண்டுக்கு 110 கோடி டாலர் அளவுக்குப் பயணிகளுக்கு நட்டம் என்றது. அத்தனை மின்கலங்களைச் சரக்கு அறையிலே குவித்தால் தீ மூளும் என்று வல்லுநர்கள் எச்சரித்தார்கள். மார்ச்சிலே கெய்ரோவின் பயணியும் அம்மானின் பயணியும் கேட்ட அதே கேள்விகள்தான். ஆனால் இப்பொழுது கேட்டவர்கள் கனத்த கைகள்!

2017 ஜூன் 28ந் தேதி, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலாளர் ஜான் கெல்லி புதிய அறிவிப்பு வெளியிட்டார். 105 நாடுகள், ஏறத்தாழ 280 விமான நிலையங்கள், 180 நிறுவனங்கள் என அமெரிக்காவுக்கு நேராகப் பறக்கும் எல்லோருக்கும் ஒரே விதி: சோதனையைக் கூர்மையாக்கு, கருவிகளை நன்றாக ஆராய், மோப்ப நாயைப் பயன்படுத்து, நல்ல இயந்திரம் வை. அப்படிச் செய்தால் தடை தேவையில்லை! ஜூலை 2ந் தேதி அபுதாபி விடுபட்டது. அடுத்த சில நாட்களிலே துபாய், இஸ்தான்புல், தோகா. அந்தத் திங்கள் முடிவதற்குள் பத்து நிலையங்களும் அமெரிக்கத் தடையிலிருந்து மீண்டன.

நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: ஜூனிலே தோன்றிய இந்த நல்லறிவு மார்ச்சிலே எங்கே போயிருந்தது? எல்லோருக்கும் ஒரே சோதனை, நல்ல இயந்திரம், பழகிய ஆட்கள் என்ற வழி அன்றே இருந்ததே! எட்டு நாட்டாரின் மடியிலே கை வைத்தபோது காது கேட்கவில்லை. ஐரோப்பா குரல் கொடுத்தபோது காது திறந்தது. உத்தரவு செல்லாக்காசு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எல்லோருக்கும் ஒரே தராசு

சட்டமே வேண்டாம் என்று மக்கள் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. நியாயமான சட்டத்துக்கு மக்கள் தலை வணங்குவார்கள் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு.

2006 ஆகஸ்ட் 10. அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களைத் திரவ வெடிமருந்தாலே தகர்க்கும் சதியைப் பிரிட்டன் கண்டுபிடித்தது. உடனே பிரிட்டனிலிருந்து புறப்படும் எவரும் கைப்பையே கொண்டு போகக்கூடாது என்றது. மடிக்கணினி மட்டுமல்ல, கைபேசியும் கீழேதான். ஆனால் அன்று சட்டம் தன் வீட்டாருக்கும் விழுந்தது, விருந்தினருக்கும் விழுந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பொறுத்தார்கள். சில நாட்களிலேயே கெடுபிடி தளர்ந்தது. பிறகு வந்த 100 மில்லிலிட்டர் விதியை உலகமே ஏற்றுக்கொண்டது.

2025 ஜனவரி 28. தென்கொரியாவின் பூசான் நகரிலே புறப்பட நின்ற ஏர் பூசான் விமானத்திலே, தலைக்கு மேலுள்ள பெட்டி அறையிலே தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். 'பவர் பேங்க்' என்று நாம் வழங்குகிறோமே, கைபேசிக்கு மின்னூட்டும் அந்தக் கருவிதான் காரணமாயிருக்கக் கூடும் என்று தெரிய வந்தது. மார்ச் முதல் நாளிலிருந்து அந்த நாடு விதி செய்தது: அதை மேலறையிலே வைக்காதே, கண்ணிலே படும்படி உன்னிடமே வைத்துக்கொள். அதே அக்டோபரிலிருந்து எமிரேட்ஸ் நிறுவனம், பயணிக்கு ஒன்றுதான், அதையும் விமானத்திலே பயன்படுத்தக் கூடாது என்றது. நம் நாட்டிலும் அதைச் சரக்கு அறைப் பெட்டியிலே போட அனுமதியில்லை, கைப்பையிலேதான் வரவேண்டும்.

கவனித்தீர்களா? 2017லே "கீழே போடு, அதுதான் பாதுகாப்பு" என்றார்கள். இன்று "கீழே போடாதே, கையிலே வை, அதுதான் பாதுகாப்பு" என்பதே விதி! இந்த விதிக்கு எவராவது கொதித்தெழுந்தார்களா? இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. விதி எல்லோருக்கும் பொது. சீமானின் கருவிக்கு ஒன்று, ஏழையின் கருவிக்கு ஒன்று என்று பேதமில்லை. மின்கலம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறது என்று நெருப்பு கேட்பதில்லை, விதியும் கேட்கவில்லை.

இதுதான், தோழர்களே, நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய தராசு. பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு எந்தச் சட்டம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: இது ஆபத்தை ஒழிக்கிறதா, அல்லது இடம் மாற்றுகிறதா? இரண்டு: இது செய்கையைப் பார்த்து வருகிறதா, பிறந்த இடத்தைப் பார்த்து வருகிறதா? மூன்று: இதன் சுமையை எல்லோரும் சுமக்கிறார்களா, கீழே இருப்பவன் மட்டும் சுமக்கிறானா? மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால் முதலிலே கட்டுப்பட வேண்டியவர்கள் நாமே. விடை இல்லையென்றால், "கேள்வி கேட்காதே, உத்தரவு" என்பதை விடையாக ஏற்காதீர்கள்!

நல்ல இயந்திரத்துக்குப் பணம் ஆகும். அதை இயக்கப் பழகிய ஆளுக்குத் தக்க ஊதியம் ஆகும். இரவெல்லாம் கண் விழித்துத் திரையைப் பார்க்கிறவனுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனின் உயிரும் உயிர்தான் என்று எண்ணி அவனுக்கும் காப்புச் செய்ய வேண்டும். இவையெல்லாம் செலவு. இந்தச் செலவைச் செய்ய மனமில்லாதவர்கள்தான் பட்டியல் எழுதுகிறார்கள். பட்டியல் எழுத ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். ஆனால் நரிட்டாவிலே மாண்ட அந்த இரு தொழிலாளரையும் எந்தப் பட்டியலும் காத்திராது. பெட்டியைத் திறந்து பார்க்கும் நேர்மையான சோதனைதான் காத்திருக்கும்.

மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்றாள் பாட்டி. துபாயிலே நின்ற வாலிபனின் மடியிலே இருந்தது ஒரு கணினி. அதை எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், சோதித்துக் கொள்ளலாம். அவனுக்குப் பயமில்லை. திறந்து காட்ட மறுத்தவர்கள், காரணத்தை மடியிலே முடிந்து வைத்துக்கொண்டவர்கள்தான்!